சளிப் போத்தல் போவதா, நோயாளி போவதா? கொரோனாவுக்குப் பிந்திய வன்னிக்கு எந்தக் காசநோய்ச் சேவை பொருந்தும்

கொரோனா வந்தபோது காசநோய்க்காக அலைந்த ஆட்களையே அதற்கும் அனுப்பினார்கள். "யாரோடு பழகினீர்கள்?" என்று வீடு வீடாகக் கேட்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஊருக்கு ஒருவர்தானே. அவர் ஒரு நோயைத் துரத்தப் போனால் மற்றது கவனிப்பாரற்றுக் கிடக்கும். உலகக் கணக்கும் இதைத்தான் காட்டியது. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட காசநோயாளர் 2019இல் 71 இலட்சம், 2020இல் 58 இலட்சம். நோய் குறையவில்லை, தேடுவதுதான் குறைந்தது. விட்டதெல்லாம் சேர்ந்து 2023இல் 82 இலட்சமாகத் திரும்பி வந்தது.

இலங்கையில் கொரோனாவுக்கு முன்பே ஓட்டை இருந்தது. வருடத்துக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ 64 பேருக்குக் காசநோய் வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அப்படியானால் நாடு முழுக்கப் பதின்மூவாயிரத்துக்குக் குறையாது. பதிவானவர்களோ எட்டாயிரத்துச் சொச்சம். அப்புறம் 2022இல் பெற்றோல் வரிசை வந்தது. நோயாளிக்கும் பஸ் இல்லை, தேடிப் போகிறவருக்கும் எண்ணெய் இல்லை.

இப்போது வெளிநாட்டு உதவிப் பணமும் சுருங்குகிறது. எல்லாவற்றையும் செய்ய முடியாது, தெரிந்தெடுக்கத்தான் வேண்டும். இங்கே நான் பிடிக்கிற அளவுகோல் ஒன்றுதான்: நோயாளியின் பயணத்தை எது குறைக்கிறது? வன்னியின் முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் சனத்தொகை ஒரு இலட்சத்தைக்கூடத் தொடவில்லை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர். துணுக்காய், மல்லாவிப் பக்கத்து ஆள் முதலில் மாங்குளம் வந்து சேர வேண்டும். கொழும்பில் சரிவருகிற திட்டம் இங்கே சறுக்குவது இந்தத் தூரத்தில்தான்.

நுணுக்குக்காட்டியா, ஜீன்எக்ஸ்பர்ட்டா?

பரிசோதனைத் திறனில் போட்டியே இல்லை. நுணுக்குக்காட்டியில் கிருமி தெரிய ஒரு மில்லிலீற்றர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை இருக்க வேண்டும். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் இயந்திரமான ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கு நூற்றுச் சொச்சம் போதும். இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும், முக்கிய காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் கூடவே சொல்லிவிடும். சர்க்கரை நோயாளி, முதியவர், நோயின் தொடக்கத்தில் இருப்பவர் என்று கிருமி குறைவாக உள்ளவர்களை நுணுக்குக்காட்டி தவறவிடக்கூடும்.

அதற்காக ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலைக்கும் ஒரு இயந்திரம் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது 30 பாகைக்கு மேல் வெப்பத்தை விரும்பாது. குளிரூட்டிய அறை, சீரான மின்சாரம், வருடாந்தப் பராமரிப்பு எல்லாம் வேண்டும். வன்னியின் சித்திரை வெயிலில் இவை ஒன்றிரண்டு இடங்களில் அமைந்தாலே பெரிய காரியம். தேவையையும் கணக்குப் பார்ப்போம். ஒரு இலட்சம் பேருள்ள மாவட்டத்தில் வருடத்துக்கு அறுபது நோயாளர் என்று வைத்து, ஒருவரைக் கண்டுபிடிக்க இருபது பேரின் சளியைப் பார்த்தாலும் 1,200 பரிசோதனைதான். ஒரே நேரத்தில் நான்கு சளியைப் பார்க்கும் இயந்திரம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு செய்தால் நூறு நாளில் வேலை முடிந்துவிடும். ஆக மாவட்டத்துக்கு ஒன்று தாராளம். இந்தியத் தயாரிப்பான ட்ரூநாட் பாட்டரியில் ஓடும், சிறியது, ஒதுக்குப்புறங்களுக்கென்றே செய்தது. இரண்டாவது இயந்திரம் வாங்குவதானால் அதைத்தான் சொல்வேன்.

முதற்செலவு மோட்டார் சைக்கிளுக்கும் ஐஸ் பெட்டிக்கும் போகட்டும். சளி 35 பாகைக்கு மேல் போகாவிட்டால் மூன்று நாள் தாங்கும், குளிரில் இன்னும் சில நாள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, கொக்கிளாய் போன்ற இடங்களிலிருந்து வாரம் இருமுறை போத்தல்களைச் சேர்த்துக் கொண்டுவர ஒருவர் போதும். முடிவு போனில் போகட்டும். இப்போதைய வழக்கத்தில் சளி கொடுக்க ஒரு நாள் கூலி, முடிவு கேட்க இன்னொரு நாள் கூலி. இரண்டாவது நாள் வராதவரை அலட்சியக்காரர் என்று எழுதிவைப்பது நியாயமில்லை.

எக்ஸ்றே வாகனமா, வீட்டாரைத் தேடுவதா?

டிஜிட்டல் எக்ஸ்றேயைக் கணினியே வாசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னதிலிருந்து, ஊர் ஊராக வாகனம் போகும் திட்டங்களுக்கு மவுசு கூடியிருக்கிறது. போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் கணக்கு இடிக்கிறது. மேலே சொன்ன மதிப்பீட்டின்படி, பொதுச் சனத்தில் ஆயிரம் பேரைப் படமெடுத்தால் ஒரு நோயாளி கிடைப்பதே அருமை. வியட்நாமின் கா மௌ மாகாணத்தில் வளர்ந்த எல்லாரையும் மூன்று வருடம் தொடர்ந்து பரிசோதித்து நோயை ஏறத்தாழ 44 வீதம் குறைத்தார்கள், உண்மை. அங்கே நோயும் அதிகம், ஆளும் நெருக்கம், செலவும் அந்த அளவுக்கு.

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்ததில், நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களில் நூறுக்கு மூன்று பேருக்கு நோய் இருந்தது. அதாவது ஆயிரத்துக்கு முப்பது. இதற்கு வாகனம் வேண்டாம், பி.எச்.ஐ.க்குப் பெற்றோலும் நேரமும் வேண்டும். கொரோனாவில் ஒரு தொற்றாளரின் தொடர்புகளை ஓரிரு நாளில் எழுதி முடித்தவர்கள் இவர்கள்தான். அந்தப் பழக்கம் மங்கிப் போகுமுன் காசநோய்க்குத் திருப்பிவிட வேண்டும். வாகனம் வந்தே தீரும் என்றால் சிறைச்சாலைக்கும் சர்க்கரை நோய்க் கிளினிக் நடக்கும் நாளுக்கும் போகட்டும். சந்தியில் நிற்க வேண்டாம்.

மாத்திரை: நேரில் விழுங்குவதா, வீடியோவிலா?

ஆறு மாதச் சிகிச்சையில் இரண்டாம் மாதத்தோடு இருமல் நின்றுவிடும், பசி வந்துவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. காலபோக நெல் வெட்டுத் தொடங்கினால் கூலிக்காரர் வெட்டு நடக்கும் ஊருக்குப் போய்விடுவார்.

தினமும் ஒருவர் முன்னால் மாத்திரை விழுங்கும் பழைய முறையில் ஒழுங்கு உண்டு, பக்கவிளைவும் கண்ணில் படும். ஆனால் தினமும் பிரதேச வைத்தியசாலைக்குப் போவது என்றால் கூலி போச்சு. ஊழியர் வீட்டுக்கு வந்தாலோ படலையில் நிற்கிற மோட்டார் சைக்கிளே அயலுக்குச் செய்தி சொல்லிவிடும். கலியாணம் பேசுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. மாத்திரை விழுங்குவதைப் போனில் எடுத்து அனுப்பும் வீடியோ முறை அந்த மானத்தைக் காப்பாற்றும். இங்கிலாந்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் குறித்த கண்காணிப்பில் நூற்றுக்கு எண்பதையாவது எட்டியவர்கள் வீடியோ முறையில் 70 வீதம், நேரடி முறையில் 31 வீதம். சரி, அவர்களிடம் கையில் ஸ்மார்ட் போன் இருந்தது. நம்மூரில் வீட்டுக்கு ஒரு போன், அதையும் பிள்ளை பள்ளிக்கூட வேலைக்கு வைத்திருக்கும்.

ஆகவே எல்லாருக்கும் ஒரே முறை என்பதை விட்டுவிடலாம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற இளம் பெண்ணுக்கு வீடியோ. கசிப்புப் பழக்கம் உள்ளவருக்கும் தனியே இருக்கும் முதியவருக்கும் நேரில்தான், அதுவும் கிட்டிய இடத்தில். மற்றவர்களுக்கு முதல் இரண்டு மாதம் நேரில், பிறகு வாராந்த மாத்திரையும் இடையில் ஒரு போன் அழைப்பும். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்து தபாலில் வீட்டுக்கு வந்ததை மறக்க வேண்டாம். வன்னியில் போன் சிக்னல் இல்லாத மூலைக்கும் தபால்காரர் போகிறார்.

காசா, அரிசியா?

நோயாளிக்குக் கொடுக்கும் உதவிப்பணம் நல்லதுதான், பஸ்ஸுக்காவது உதவும். ஆனால் இரண்டில் ஒன்று என்றால் நான் அரிசி, பருப்பின் பக்கம். இந்தியாவின் ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில் நோயாளியின் வீட்டாருக்கும் மாதாமாதம் உணவு கொடுத்தார்கள். நோயாளிக்கு மட்டும் கொடுத்த வீடுகளைவிட அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 வீதம் குறைந்தது. காசு கடன்காரரிடம் போகலாம், பருப்பு சட்டிக்குத்தான் போகும்.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இதைவிட மலிவான ஒன்றும் இருக்கிறது. நோய் உறுதியானவுடனேயே சிலவற்றைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கேற்ற நிறைக் குறியீடு 14க்கு மேலே இருக்கிறதா, 16க்குள் இருந்தால் கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டுகிறதா, ஒக்சிசன் 94க்குக் கீழா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஒன்று சரியில்லாவிட்டாலும் வார்டில் சேர்ப்பதற்கு அனுப்புவார்கள். காசநோய்ச் சாவுகளில் பெரும்பங்கு முதல் வாரங்களிலேயே நடப்பதால்தான் இந்த அவசரம். இதற்குத் தராசும் அளவு நாடாவும் விரல் ஒக்சிமீற்றரும் போதும். கொரோனாவுக்கு வாங்கிய ஒக்சிமீற்றர்களை அலுமாரியிலிருந்து எடுத்துச் சளிப் பெட்டியோடு அனுப்பலாம். குறைந்த நிறையோடு வருபவருக்குக் கட்டில் ஒதுக்க மாவட்ட வைத்தியசாலை சம்மதிக்க வேண்டும், அந்தப் பேச்சைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.