இன்ஸ்ப்ரூக் பெர்கிசெல்: பயிற்சி நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்

இருபத்தெட்டு வருடம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவன் நான். எறிபொருள் என்றால் பரவளையம் என்று எத்தனை தடவை போர்டில் வரைந்திருப்பேனோ. மகள் மூனிக்கில் இருக்கிறாள். போன ஜூலையில் அவள்தான் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில், பெர்கிசெல் மேட்டில் இருக்கிற இந்த ஸ்கீ ஜம்பிங் கோபுரத்துக்குக் கூட்டிப்போனாள். ஸ்கீ என்பது காலில் மாட்டுகிற நீளமான சறுக்குப் பலகை; அதில் சறுக்கி வந்து காற்றில் தாவுவதுதான் ஸ்கீ ஜம்பிங்.

ஸஹா ஹதீத் வடிவமைத்து 2002இல் முடிந்த கோபுரம், சுமார் 50 மீட்டர் உயரம். மேட்டில் ஏற சாய்வு ரயில், அப்புறம் லிஃப்ட். முழங்கால் வலிக்காரர்கள் (நான்தான்) தைரியமாகப் போகலாம். உச்சியில் கண்ணாடி போட்ட உணவகம், சுற்றிலும் மலை. தாண்டப்போகிறவரின் கண்ணுக்கு நேரே கீழே ஊர்க் கல்லறைத் தோட்டம் தெரிகிறது!

கோடையில் பனி ஏது? பிளாஸ்டிக் பாய் மேல் தண்ணீர் விட்டுப் பயிற்சி நடந்தது. மணிக்கு 90 கிலோமீட்டர் வாக்கில் பையன்கள் இறங்குகிறார்கள். ஓடுபாதையின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கிடையாது, அங்கேயும் பத்துப் பதினொரு டிகிரி கீழேதான் சரிகிறது. ஆளை எழுப்புவது கால் உதை மட்டும், அதற்குக் கிடைப்பது சுமார் 0.3 விநாடி. முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு.

அடுத்த நொடி, ஸ்கீ இரண்டையும் 'வி' மாதிரி விரித்து அதன் மேல் ஆள் படுத்துவிடுகிறார். முன்பெல்லாம் ஸ்கீகளைச் சேர்த்துத்தான் பிடிப்பார்களாம். ஸ்வீடனின் யான் பொக்லோவ் 1980களில் விரித்தபோது, அழகில்லை என்று நடுவர்கள் மார்க் குறைத்தார்கள். ஆனாலும் 1988-89 உலகக் கோப்பை அவருக்குத்தான். உடம்பின் மறைவிலிருந்து ஸ்கீ வெளியே வந்தால் காற்று பிடிக்கிற பரப்பு கூடும், தூக்குவிசையும் கூடும். பட்டம் விட்டவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எதிர்க்காற்றை நம் சைக்கிள்காரர் திட்டுவார். இங்கே அது வரம், அதனால்தான் போட்டிகளில் அதற்குப் புள்ளி கழிக்கிறார்கள்.

தரையும் பறக்கிற பாதையை ஒட்டியே சரிந்துகொண்டு போகிறது. நூறு மீட்டருக்கு மேல் தாண்டியும் காலில் அடி அவ்வளவாக விழாதது அதனால்தான். போர்டில் நான் வரைந்த பரவளையம் எப்போதும் சமதரையில்தான் முடியும், காற்றையும் முதல் வரியிலேயே தள்ளிவிடுவேன்.

பயிற்சி இல்லாத நாளில் இது வெறும் காட்சிக் கோபுரம்தான், விசாரித்துவிட்டுப் போங்கள். ஐந்துக்கு நாலரை. குறைத்த அந்த அரை மார்க், பைனாகுலரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன என் தப்புக்கு.