ஸ்னோ செயினா, விண்டர் டயரா: குளச்சலில் இருந்து குல்மார்க் வரை காரில் போனவன் சொல்வது

கன்னியாகுமரியில் முடிகிற 44-ம் எண் நெடுஞ்சாலையின் மறுமுனை ஸ்ரீநகர். 3,700 கிலோமீட்டருக்கு மேல். 2023 ஜனவரியில் எங்கள் சின்னக் காரிலேயே அங்கே போய், பனி கொட்டும் காஷ்மீர் மலையூரான குல்மார்க் வரை ஏறி வந்தோம். கிளம்பும் முன் ஒரு மாதம் மண்டையைக் குடைந்தது ஒரே கேள்விதான்: பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டுகிற இரும்புச் சங்கிலியான ஸ்னோ செயினை வாங்குவதா, குளிருக்கென்றே செய்த விண்டர் டயரை வாங்குவதா? கடைசியில் செயின் வாங்கினேன். மறுபடி போனாலும் அதையேதான் வாங்குவேன்.

நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் போதாதா என்பார்கள். ஏற்றத்தில் இழுக்க உதவும், பிரேக் பிடித்தால் நிற்க உதவாது. டயரில் காற்றைக் குறைப்பது மணலுக்குச் சரி, உறைந்த பனிக்கு வேண்டாம்.

விண்டர் டயர் நல்ல பொருள்தான். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் கையாண்டவர்களுக்குத் தெரியும், வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். சாதாரண டயரும் 7 டிகிரிக்குக் கீழே போனால் அப்படித்தான் விறைத்துப் பிடியை இழக்கும். விண்டர் டயரின் கலவை குளிரிலும் மிருதுவாக இருக்கும், மேலே உள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்வும். நாலு சக்கரத்துக்கும் போட்டால் வளைவிலும் பிரேக்கிலும் செயினைவிட நிதானம். நான் ஓட்டியதில்லை, ஸ்ரீநகரில் ஒரு நாள் வாடகைக் காரில் பின்சீட்டில் இருந்து பார்த்ததோடு சரி.

ஆனால் ஊர் திரும்பிய பிறகு அதை என்ன செய்வது? மார்கழியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமான ஊர் நம்முடையது. அந்த மிருதுவான ரப்பர் நம் தார்ச்சாலையில் சீக்கிரம் தேயும், சூட்டில் பிரேக் தூரமும் கூடும். கழற்றி வைத்தாலும் ரப்பருக்கு வயதாகிக்கொண்டே இருக்கும். விற்கலாம் என்றால் நாகர்கோவிலில் யார் வாங்குவார்கள்? பனி இருப்பதோ அந்த நீண்ட வழியின் கடைசித் துண்டில் மட்டும்.

செயின் டிக்கியில் ஒரு பையோடு முடிந்தது. குல்மார்க் ஏற்றம் தொடங்குகிற தங்மார்க்கில் பனி கொட்டியிருந்தது, செயின் இல்லாத வண்டிகளைப் போலீஸ் மேலே விடவில்லை. எங்களுடையது முன்சக்கரம் இழுக்கிற வண்டி, அதனால் முன்னால் மாட்டினோம். விரல் மரத்துப்போய் முக்கால் மணி நேரம் ஆனது. ஆகவே வீட்டு முற்றத்திலேயே இரண்டு முறை மாட்டிப் பழகிவிட்டுப் போங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், இல்லையென்றால் தளர்ந்து மட்கார்டில் அடிக்கும். வேகம் 40-ஐத் தாண்டவிடவில்லை. இறக்கத்தில் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும், அதனால் பிரேக்கை மிதிக்காமல் முதல் கியரிலேயே இறங்கினேன். தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

அப்புறம் துரு. ஜன்னல் கம்பியையே தின்றுவிடுகிற கடற்காற்று எங்களுடையது, இரும்புச் செயினை விட்டுவைக்குமா? வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கண்ணி கண்ணியாக என்ஜின் ஆயில் தடவி, சாக்கில் சுற்றி மூடி இறுகுகிற பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து ஆயில் போடுகிறேன். கொக்கியில் மட்டும் லேசாகச் செம்மை படர்ந்திருக்கிறது, கண்ணிகள் நன்றாகவே இருக்கின்றன. அண்ணன் மகன் மணாலிக்குப் போக இரவல் கேட்டிருக்கிறான். செயின் டயர் அளவுக்குத் தக்கபடி வருவது, அவன் வண்டி டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.