கடையை மூடிவிட்டுப் படிப்பதா, கடையோடு படிப்பதா?

தையல் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, கராஜைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பப் படிக்கப் போகலாமா என்று யோசிப்பவர்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நிறையப் பேர். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கையில் நல்ல தொழில் இருக்கும், அதைக் காட்ட ஒரு சான்றிதழ் இருக்காது. எந்தப் படிப்பு நல்லது என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "படிக்கிற காலத்துக்கு அரசாங்கம் ஏதும் தருமா? இப்ப வாற அஸ்வெசும வெட்டுப்படுமா?" என்பது. அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் நிவாரணப் பணம். அடுப்பு எரிய வேண்டிய வீட்டில் அந்தக் கேள்விதான் முதலில் வரும், வரவும் வேண்டும்.

வேறு சில நாடுகளில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அயர்லாந்தில் கல்விக்குத் திரும்புவோருக்கான கொடுப்பனவு என்று ஒன்று உண்டு. பொதுவாக 21 வயதைத் தாண்டியவர்களுக்கானது. வேலை தேடுவோர் கொடுப்பனவு போன்ற ஒன்றை, பாடசாலை மட்டப் படிப்பென்றால் 3 மாதமும் பல்கலைக்கழக மட்டமென்றால் 9 மாதமும் ஏற்கெனவே பெற்றிருந்தால், படிக்கும் காலத்திலும் வாராவாரம் பணம் கிடைக்கும். சுயதொழில் செய்தவருக்கும் அந்த வழி திறந்திருக்கிறது, ஆனால் அவர் முதலில் வேலை தேடுவோர் பட்டியலுக்குள் வந்தாக வேண்டும். நேற்றுக் கடையை மூடி இன்று வகுப்பில் போய் உட்கார்ந்தால் அங்கேயும் தகுதி இல்லை.

இலங்கையில் வேலையற்றோர் கொடுப்பனவே கிடையாது. அதனால் அப்படியொரு ஏணிக்கு இங்கே முதல் படியே இல்லை. நம்மிடம் இருப்பது வறுமை நிவாரணம் ஒரு பக்கம், இலவசப் பயிற்சியும் கட்டணப் படிப்பும் இன்னொரு பக்கம். இரண்டையும் நாம்தான் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

அஸ்வெசுமவை நம்பிக் கடையை மூடுவது

2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும, சமுர்த்தி உதவிப் பணத்தின் இடத்துக்கு வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு பக்கங்களிலிருந்து 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்துக்குப் புள்ளி போடுகிறார்கள். குடும்பத்துக்கு என்பதைக் கவனியுங்கள். நீங்கள் படிக்கப் போகிறீர்கள் என்பதற்காக அதை நிறுத்துவதும் இல்லை, படிப்பதற்காகத் தொழிலை விட்டீர்கள் என்பதற்காகக் கூட்டித் தருவதும் இல்லை. மோட்டார் வாகனம், உழவு இயந்திரம், படகு போன்றவை உங்கள் பெயரில் இருந்தால் அது கணக்கில் வரும். வருமானமும் வரும்.

2025 ஜனவரியிலிருந்து வறிய பிரிவுக்கு மாதம் 10,000 ரூபாய், மிக வறிய பிரிவுக்கு 17,500 ரூபாய். அதற்கு முன் இவை 8,500, 15,000 ஆக இருந்தன. நாள் கணக்கில் பிரித்தால் வறிய பிரிவில் ஒரு குடும்பத்துக்கு 333 ரூபாய். இதோடு இன்னொரு எண்ணையும் வைத்துப் பாருங்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணக்கிடும் தேசிய வறுமைக்கோடு 2025இல் ஒரு ஆளுக்கு மாதம் 16,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஒரு ஆளுக்கு. ஆக, மிக வறிய பிரிவில் முழுக் குடும்பத்துக்கும் கிடைப்பது, ஒருவர் வறுமைக்கோட்டில் நிற்பதற்குத் தேவையான தொகைக்குச் சற்றுக் கூட. இந்தப் பணத்தை நம்பிக் கடையை மூடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். பட்டினி வராமல் காக்க உதவும், ஒரு வருடப் படிப்பைத் தாங்காது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிவாரணம் வெட்டுப்பட்டுவிடும் என்ற பயத்தில் பலர் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவதே இல்லை. பில் புத்தகம் இல்லை, வங்கியில் போடுவது இல்லை. பன்னிரண்டு வருடம் தைத்தவருக்கும் தைத்ததற்கு ஒரு துண்டுக் கடதாசி மிஞ்சுவதில்லை. அடுத்து வரும் வழியில் இதே கடதாசிதான் பெரிய பலம்.

தொழிலையே சான்றிதழாக்குவது: என்.வி.கியூ.

தேசிய தொழிற்தகைமை, எல்லாரும் சொல்கிற என்.வி.கியூ., 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். இதில் சுயதொழில்காரருக்கென்றே செய்தது போன்ற ஒரு வாசல் இருக்கிறது: முன்கற்றலை அங்கீகரித்தல். ஆர்.பி.எல். என்று கேட்டால் அலுவலகத்தில் உடனே விளங்கும். வகுப்புக்கே போகாமல், செய்து பழகிய வேலையைக் காட்டி 3ஆம் அல்லது 4ஆம் மட்டச் சான்றிதழ் வாங்கலாம். நைற்றா எனப்படும் தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் ஒரு நேர்முகம், அப்புறம் மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். செய்முறையில் ஒரு பகுதி குறைந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் பயிற்சி எடுத்துவிட்டுத் திரும்பி வரலாம்.

ஆதாரமாக எதையெல்லாம் கொண்டுபோகலாம் என்பதில் மனம் தளராதீர்கள். வியாபாரப் பதிவு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வேலையின் படங்கள், பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுத்ததற்கு அதிபர் எழுதித்தரும் கடிதம், சாமான் வாங்கிய பற்றுச்சீட்டு, கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தும் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். மருதமுனையில் தறியில் இருப்பவரும் காத்தான்குடியில் அலுமினிய வேலை செய்பவரும் களுவாஞ்சிகுடியில் மோட்டார் சைக்கிள் திருத்துபவரும் இந்த வாசலைத்தான் முதலில் தட்ட வேண்டும் என்பது என் எண்ணம். காரணம் எளிது. அஸ்வெசுமக் கணக்கெடுப்பில் உங்கள் தொழில் உங்களுக்கு எதிராக நிற்கிறது. இங்கே அதே வருடங்கள் உங்களுக்காகப் பேசுகின்றன. கடையும் நெடுநாள் பூட்டிக் கிடக்காது.

இதற்கு மேலேயும் போகலாம். 4ஆம் மட்டம் இருந்தால் அதே துறையில் 5, 6 என்று டிப்ளோமாவுக்கு ஏறலாம். கிழக்கில் அதற்கான தொழில்நுட்பவியல் கல்லூரி அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. அதன் பிறகு இரத்மலானையில் தலைமையிடம் கொண்ட தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி வரும். உயர்தரப் பரீட்சை எழுதாமல் கராஜிலிருந்து பட்டம் வரை சட்டப்படி ஒரு பாதை திறந்திருக்கிறது. இதை ஊரில் எத்தனை பேருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்கள்? எனக்கு மிகவும் வேதனை தரும் விஷயம் இது.

புதிதாக ஒரு தொழில் கற்க வேண்டுமென்றால் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களிலும் படிக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரிகளில் முழுநேரப் படிப்பு இலவசம், பகுதிநேரத்துக்குச் சிறிய கட்டணம். கேட்டவுடன் முழுநேரம் இலாபமாகத் தெரியும். ஆனால் காலை முதல் பின்னேரம் வரை வகுப்பில் இருப்பவரின் கடை வருமானத்தை யார் தருவது? சுயதொழில்காரருக்குக் கட்டணம் கட்டும் பகுதிநேரப் படிப்புத்தான் பெரும்பாலும் மலிவு.

பட்டம்தான் வேண்டும் என்றால்

மூன்று இடங்கள் இருக்கின்றன. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், வளாகத்துக்கு நாளும் போகாமல் படித்துப் பரீட்சை எழுதும் வெளிவாரிப் பட்டம் உண்டு. ஆரையம்பதி கோவில்குளம், சம்மாந்துறை, அம்பாறை ஹார்டி ஆகிய இடங்களில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்கள் உயர் தேசிய டிப்ளோமா நடத்துகின்றன.

வெளிவாரிப் பட்டத்துக்கும் உயர் தேசிய டிப்ளோமாவுக்கும் வழக்கமாக உயர்தரப் பெறுபேறு கேட்பார்கள். அது இல்லாதவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான். திறந்த பல்கலைக்கழகம் வித்தியாசமானது. உயர்தரம் இல்லாதவர்களுக்கு அடிப்படைக் கற்கைநெறி வழியாகப் பட்டப்படிப்புக்குள் நுழைய இடம் வைத்திருக்கிறது. அச்சிட்ட பாடநூல்கள் தருவார்கள், ஒப்படை எழுதி அனுப்ப வேண்டும், பகற்பாடசாலை எனப்படும் நேரடி வகுப்பு பெரும்பாலும் வார இறுதியில். முழுப் பட்டத்துக்கும் ஒரேயடியாகக் கட்ட வேண்டியதில்லை, அந்த வருடம் எடுக்கும் பாடங்களுக்குத்தான் கட்டணம். கையில் காசு குறைந்த வருடம் பாடங்களைக் குறைத்து எடுக்கலாம். வருமானம் ஏறி இறங்கும் சுயதொழில்காரருக்கு இந்த ஒரு வசதி பெரிய நிம்மதி.

வெளிவாரிப் பட்டம் செலவில் குறைவாகத் தெரியலாம். ஆனால் கற்பித்தல் குறைவு என்பதால் தனியார் ரியூசனுக்குப் போகாமல் தேறுவோர் அரிது, அந்தச் செலவையும் சேர்த்தே கூட்டிப் பாருங்கள். எழுதப் படிக்க நெடுநாள் இடைவெளி விழுந்தவர் என்றால் ஒப்படையும் பாடநூலும் கைபிடித்துக் கூட்டிப்போகும் திறந்த பல்கலைக்கழகத்தையே நான் சொல்வேன். தூரம் மட்டும் தடை. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தங்கச்சிக்கு ஞாயிறு காலை அந்தப் பயணம் லேசானதல்ல.

பரீட்சைக் காலத்தையும் பாருங்கள். தையல்காரருக்குச் சித்திரை வருடப்பிறப்புக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்திய வாரங்களில்தான் வருடத்தின் பெரிய வருமானம். ஒப்படைத் திகதி அங்கே விழுந்தால் இரண்டில் ஒன்று கெடும். சேர்வதற்கு முன் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

மகாபொலவும் வட்டியில்லாக் கடனும்

பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் 2025 ஏப்ரலில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகக் கூடியது என்று கேள்விப்பட்டுச் சிலர் திரும்ப உயர்தரம் எழுத நினைக்கிறார்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வயது தடை இல்லை. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளுக்குள் எடுத்த பெறுபேறுதான் செல்லும். மகாபொல வெளிவாரி மாணவருக்குக் கிடைக்காது. தனியார் பட்டத்துக்கான வட்டியில்லாக் கடனை அந்தந்தக் காலத்து உயர்தரப் பிரிவினருக்கென்றே அறிவிக்கிறார்கள், பத்து வருடத்துக்கு முன் எழுதியவருக்கு அதில் இடமில்லை. இந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் திட்டம் போடுங்கள்.

யாருக்கு எது

தொழில் நன்றாகத் தெரியும், அதிலேயே முன்னேற வேண்டும், வெளிநாட்டுக்கோ பயிற்றுநர் வேலைக்கோ போக வேண்டும் என்பவர் முதலில் ஆர்.பி.எல். எடுக்கட்டும். வேறு எதையும் அதற்குப் பிறகு பார்க்கலாம். தொழிலை விட்டு ஆசிரியம், நிர்வாகம் என்று முற்றாக மாற நினைப்பவருக்குத் திறந்த பல்கலைக்கழகம். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெட்டிக்குள் கிடந்தால், வார இறுதியில் படிக்கக்கூடிய உயர் தேசிய டிப்ளோமாவையும் விசாரியுங்கள்.

அஸ்வெசும ஏற்கெனவே வருகிறதென்றால் வரட்டும். அதைப் பஸ் காசுக்கும் கட்டணத் தவணைக்கும் ஒதுக்குங்கள், சாப்பாட்டைத் தொழில் பார்த்துக்கொள்ளட்டும். வராவிட்டால், தகுதி உண்டென்று நினைத்தால் மேன்முறையீட்டுக் காலம் அறிவிக்கும்போது பிரதேச செயலகத்தில் கொடுங்கள். ஆனால் அதன் முடிவுக்காகப் படிப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

வாரக் கடனோ லீசிங்கோ கட்டி முடியாதவர்கள் மட்டும் முழுநேரப் படிப்பில் இப்போது சேர வேண்டாம். தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது படிப்பைப் பாதியில் விட்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களில் திறமை குறைந்தவர் யாரும் இல்லை. ஒரு வருடம் பிந்தினாலும் கடனை முடித்துவிட்டுப் போங்கள். அந்த வருடத்திலேயே ஆர்.பி.எல். சான்றிதழை வாங்கிவிடலாம்.