தனிக் கட்டுரையா, ஒரு பத்தியா?

அதிகம் பேர் அறியாத ஒருவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் யாராவது எழுதினால், அந்தக் கட்டுரையை வைத்திருக்கலாம், நீக்கலாம், அல்லது வேறொரு கட்டுரைக்குள் பத்தியாகச் சேர்த்து வழிமாற்று (அவர் பெயரைத் தேடுபவரை அந்தக் கட்டுரைக்கே கொண்டுபோய்விடும் இணைப்பு) போடலாம். சண்டை நடப்பதெல்லாம் முதல் இரண்டுக்காகத்தான்.

நீக்கச் சொல்பவர்களை வில்லன்களாகப் பார்க்க வேண்டாம். 2005இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி சகோதரர்களின் கொலைகளோடு முடிச்சுப்போட்டு ஒருவர் பொய்யாக எழுதிவைத்தார். சுமார் நான்கு மாதம் அது அப்படியே கிடந்தது. ஓரளவு பெயர் தெரிந்தவருக்கே இந்த நிலை. ஆள் நடமாட்டமில்லாத பக்கத்தில் யார் போய்ப் பார்ப்பார்கள்?

சரி, வைத்திருக்கச் சொல்பவர்கள் கையில் எடுப்பது டோனா ஸ்டிரிக்லண்ட் என்ற இயற்பியலாளரை. அவரைப் பற்றிய வரைவு, போதிய மேற்கோள் (வெளி ஆதாரம்) இல்லையென்று 2018 மே மாதம் திருப்பி அனுப்பப்பட்டது. அக்டோபர் 2இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு! அவரோடு சேர்ந்து அதே லேசர் ஆய்வுக்குப் பரிசு வாங்கிய ஜெரார் மூரூவுக்கோ எப்போதோ கட்டுரை இருந்தது. ஆனால் இதற்கு, யாருக்குத் தனிக் கட்டுரை இருக்கலாம் என்று சொல்லும் விக்கிப்பீடியா விதிமுறையைத் திட்டிப் பயனில்லை. கல்வியாளர்களுக்கென்று தனி அளவுகோல் உண்டு. பெரிய ஆய்வுச் சங்கத்தின் தலைமைப் பதவியே அதற்குப் போதும். ஸ்டிரிக்லண்ட் 2013இல் அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் தலைவர். சரிபார்த்தவர் கண்ணில் அது படவில்லை, அவ்வளவுதான்.

கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் விஷயம் அப்படி எளிதல்ல. 117ஆம் தனிமமான டென்னசினை உருவாக்கத் தேவைப்பட்ட பெர்கிலியம் என்ற தனிமத்தைச் சுத்திகரித்த, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகக் குழுவில் இருந்தவர். அவரைப் பற்றிய கட்டுரை 2019இல் நீக்கப்பட்டது, பெரிய தகராறுக்குப் பிறகு 2020இல் திரும்பி வந்தது. அன்று என்னைக் கேட்டிருந்தால் டென்னசின் கட்டுரையில் ஒரு பத்தி, அவர் பெயரில் ஒரு வழிமாற்று என்றிருப்பேன். நீக்கினால் பழைய உரை நிர்வாகிகளுக்கு மட்டுமே தெரியும். வழிமாற்றினால், பழைய வடிவங்களைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். நாளைக்கு நல்ல மேற்கோள் வந்தால் விட்ட இடத்திலிருந்து எழுதலாம்.

இதிலும் குறை உண்டு. ஆளின் வாழ்க்கை சுருங்கி ஒரே வேலையாகிவிடும். அப்புறம், இரண்டு வேலைகளுக்காக அறியப்பட்டவரை எந்தக் கட்டுரைக்கு வழிமாற்றுவது? அப்படிப்பட்டவருக்கு, மேற்கோள் கொஞ்சம் மெலிவாக இருந்தாலும், என் வாக்கு தனிக் கட்டுரைக்குத்தான்.