அதுவா, அவளா? குரல்வழி ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒன்றின் மதிப்புரை

ஆறு மாதமாக என் மேசை மேல் இருக்கும் இந்த ஸ்மார்ட் ஸ்பீக்கர் விளக்கை அணைப்பது, அலாரம் வைப்பது, பாட்டுப் போடுவது ஆகியவற்றைப் பிசகாமல் செய்கிறது. அறையின் மறுகோடியிலிருந்து தாழ்ந்த குரலில் பேசினாலும் அதன் மைக் பிடித்துக்கொள்கிறது. ஒலித்தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அதன் குரலில் இருக்கிறது.

முதன்முதலில் இணைப்புக் கொடுத்ததும் பேசியது பெண் குரல். எந்தக் குரல் வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஆண் குரலும் உண்டு என்பதைச் செட்டிங்ஸில் நான்கு படி உள்ளே போன பிறகுதான் கண்டேன். முதல் வாரத்தில் எரிச்சலில் நான் திட்டியபோது, "மன்னிக்கவும், மீண்டும் முயல்கிறேன்" என்று அது குழைந்தது.

இந்தக் குழைவு அறிவியல் புனைகதையிலிருந்து நமக்குப் பழகியது. 1927-இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்திலேயே பெண்ணுருவம் பெற்ற இயந்திரம் ஆண்களை மயக்குகிறது, கலகம் மூட்டுகிறது, முடிவில் எரிக்கப்படுகிறது. 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் ஆண் குரலில் பேசும் ஹால் என்னும் கணினியோ விண்கலத்தையே நிர்வகிக்கிறது, மனிதனின் ஆணையை நிதானமாக மறுக்கவும் செய்கிறது. 2013-இன் 'ஹெர்' படத்தில் பெண் குரல் கொண்ட இயங்குதளம், ஒரு தனியனின் மின்னஞ்சல்களை ஒழுங்கு செய்வதில் தொடங்கி அவன் காதலியாகிறது. கடைசியில் அவனை விட்டு நீங்குவதையே அப்படத்தின் சிறப்பாகக் கருதுகிறேன். ஆண் குரலுக்கு அதிகாரம், பெண் குரலுக்குப் பணிவிடையும் மயக்கமும் என்ற இந்தப் பாகப்பிரிவினையைத்தான் என் ஸ்பீக்கரும் சுமந்து வந்திருக்கிறது.

கேட்பவர்கள் பெண் குரலைத்தான் விரும்புகிறார்கள் என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. 2011-இல் ஆப்பிளின் குரல்வழி உதவியாளரான சிரி அறிமுகமானபோது அமெரிக்காவில் பெண் குரலிலும் பிரிட்டனில் ஆண் குரலிலும் பேசியது. பணிவான பெண் குரல்கள் பாலினப் பாகுபாட்டை வலுப்படுத்துவதை 2019-இல் யுனெஸ்கோ அறிக்கை ஒன்று கண்டித்தது. 2021-இல் ஆப்பிள் நிறுவனம், ஆங்கிலச் சிரிக்குரிய குரலைப் பயனரே தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியது.

தமிழில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. நம் தன்மை வினைமுற்றுக்குப் பால் கிடையாது. "தேடுகிறேன்" என்று அது சொல்லும்போது ஆணா பெண்ணா என்பதை இலக்கணம் காட்டுவதில்லை. "அவள் சொன்னாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது நான்தான். ஆண் குரலுக்கு மாற்றிய அன்று மாலையே, அதுவரை "விளக்கை அணை" என்றிருந்த என் வாய் "விளக்கை அணைத்துவிடுங்கள்" என்றது. அந்த 'ங்கள்' காதில் விழுந்த கணத்தில் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். அடுத்த மென்பொருள் மேம்படுத்தலில், முதல் இணைப்பின்போதே எந்தக் குரல் வேண்டும் என்று கேட்கும் வசதி வர வேண்டும். 2019-இல் வெளியான 'க்யூ' குரலைப் போல, 145 முதல் 175 ஹெர்ட்ஸ் வரையிலான, ஆண் பெண் என்று பிரித்தறிய முடியாத குரல் ஒன்றும் அந்தத் தேர்வில் இடம்பெற வேண்டும்.