மீன் ரத்தத்துல ஆன்டிபாடி அளக்க எது சரி: எலைசாவா, அக்ளூட்டினேஷனா, பிஇஜி முறையா?

தண்ணியோட சூடு மாறுனா, ஆக்சிஜன் குறைஞ்சா, உப்பு ஏறுனா மீனோட எதிர்ப்பு சக்தி என்ன ஆகுதுன்னு பாக்கறதுக்கு ரத்தம் எடுத்து ஆன்டிபாடி (கிருமியை பிடிக்க உடம்பு செய்யற புரதம்) அளக்கறது ரொம்ப நாளா நடக்கற வேலைதான், ஆனா எந்த முறையில அளக்கறோம்ங்கறதை பொறுத்து ஒரே மீனுக்கே வேற வேற கதை கிடைக்கும். அதிகமா புழக்கத்துல இருக்கற மூணு வழியை பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்போம்: எலைசா (என்சைம் தர்ற நிறத்தை வச்சு அளக்கறது), அக்ளூட்டினேஷன் (ஆன்டிபாடி பாக்டீரியாவை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வைக்கறதை பாக்கறது), பிஇஜி (ஒரு ரசாயனத்தால புரதத்தை படிய வைக்கறது). என் முடிவு இதுதான்: சூழ்நிலைகளை ஒப்பிடற ஆய்வுக்கு எலைசாதான் முதல் சாய்ஸ், அது முடியலைன்னா அக்ளூட்டினேஷன், பிஇஜி முறையை மட்டும் தனியா நம்பாதீங்க.

முதல்ல என்னத்தை அளக்கறோம்னு தெளிவா இருக்கணும். எலும்பு மீன்கள்ல ரத்தத்துல ஓடற முக்கியமான ஆன்டிபாடி ஐஜிஎம் (IgM). நமக்கு அது அஞ்சு துண்டு சேர்ந்ததா இருக்கும், மீனுக்கு நாலு துண்டு. நம்ம ரத்தத்துல இருக்கற ஐஜிஜி (IgG) ங்கற ஆன்டிபாடி வகை மீனுக்கு கிடையவே கிடையாது. 2005ல கண்டுபிடிச்ச ஐஜிடி (IgT) ங்கற இன்னொரு ஆன்டிபாடி முக்கியமா குடல், செவுள் சளியில வேலை செய்யறது, அதனால ரத்தத்தை மட்டும் பாத்துட்டு மீனோட மொத்த பாதுகாப்பே இவ்வளவுதான்னு சொல்ல முடியாது.

சரி, பிஇஜி முறை. சீரத்துல (ரத்தம் உறைஞ்சப்புறம் மேல நிக்கற தெளிஞ்ச நீர்) மொத்த புரதத்தை அளந்துட்டு, அதே சீரத்துல பாலிஎத்திலீன் கிளைக்கால் (பிஇஜி) கரைசலை சேத்து இம்யூனோகுளோபுலினை (ஆன்டிபாடிக்கு இன்னொரு பேர்) கீழ படிய வச்சு, மேல மிச்சம் இருக்கற புரதத்தை திரும்ப அளந்து கழிச்சா வர்ற வித்தியாசம்தான் 'மொத்த இம்யூனோகுளோபுலின்'. விலை குறைவு, எந்த இன மீனுக்கும் செய்யலாம், ஒரே நாள்ல முடிஞ்சிடும், அதனாலதான் தீவன ஆய்வுகள்ல இது அடிக்கடி கண்ணுல படுது. பிரச்சனை என்னன்னா பிஇஜிக்கு ஆன்டிபாடின்னு தனியா ஒண்ணும் தெரியாது, கூடவே வேற பெரிய புரதங்களையும் இழுத்துக்கிட்டு போகும். அதை விட பெரிய சிக்கல், சூழ்நிலையே ரத்தத்தோட அடர்த்தியை மாத்திடுது. நன்னீர் மீனை திடீர்னு உப்பு தண்ணியில விட்டா உடம்புல இருந்து தண்ணி வெளியேறி ரத்தம் கெட்டியாகும், அப்போ ஒரு புது ஆன்டிபாடி கூட உருவாகாமலே மில்லிக்கு இவ்வளவு மில்லிகிராம்ங்கற எண் ஏறி நிக்கும், அதை பாத்துட்டு 'உப்பு எதிர்ப்பு சக்தியை கூட்டுது'ன்னு எழுதிட்டா அவ்வளவுதான். பட்டினி கிடந்த மீன்ல இதுக்கு நேர் எதிரா, மொத்த புரதமே இறங்கிப்போய் இதுவும் சேர்ந்து இறங்கும்.

அக்ளூட்டினேஷன் பழைய முறை, ஆனா எனக்கு இது மேல நிஜமாவே மரியாதை உண்டு. தடுப்பூசி போட்ட அதே பாக்டீரியாவை, உதாரணத்துக்கு ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாவை, ஃபார்மலின்ல கொன்னு வச்சுக்கிட்டு, 96 குழி பிளேட்ல சீரத்தை பாதி பாதியா நீர்த்துக்கிட்டே போய் ஒவ்வொரு குழியிலயும் அந்த பாக்டீரியாவை சேத்து ராத்திரி முழுக்க அசைக்காம வைக்கணும். காலையில வெளிச்சத்துக்கு மேல தூக்கி பாத்தா ஆன்டிபாடி இருக்கற குழியில அடிப்பகுதி முழுக்க மெல்லிசா ஒரு படலம் பரவியிருக்கும், இல்லாத குழியில எல்லாம் நடுவுல உருண்டு இறங்கி சின்ன பொட்டு மாதிரி நிக்கும். படலம் தெரியற கடைசி குழியோட நீர்ப்புதான் டைட்டர். இனத்துக்கு தகுந்த ரீஏஜென்ட் (சோதனைப் பொருள்) எதுவும் தேவையில்ல, பிளேட் ரீடரும் (குழியோட நிறத்தை அளக்கற கருவி) வேண்டாம், அதோட இங்க அளக்கறது உண்மையிலேயே வேலை செய்யற ஆன்டிபாடியை. குறைன்னு பாத்தா, 64க்கும் 128க்கும் நடுவுல வித்தியாசம் வெறும் ஒரு குழி, அதுவும் பாக்கறவர் கண்ணை பொறுத்தது, அதனால சூழ்நிலையோட விளைவு சின்னதா இருந்தா இதுல தப்பிச்சு போயிடும். சில பாக்டீரியா சீரமே இல்லாம தானா ஒட்டிக்கும், சீரம் விடாம வெறும் சலைன் (உப்புக் கரைசல்) குழி ஒண்ணு கட்டாயம் வேணும். தடுப்பூசி போடாத மீன்லயும் இயற்கையான ஆன்டிபாடி கொஞ்சம் இருக்கும், அந்த குரூப்பும் கூடவே ஓடணும். இன்னொண்ணு, காம்ப்ளிமென்ட்டை (சீரத்துல இருக்கற, கிருமியை தாக்கற வேற புரதங்கள்) செயலிழக்க வைக்க பாலூட்டி சீரத்தை சூடாக்கற மாதிரி 56 டிகிரிக்கு கொண்டு போகாதீங்க, மீனுக்கு 44 - 45 டிகிரியில 20 நிமிஷமே போதும்.

எலைசா 1971ல வந்தது. பிளேட்ல ஆன்டிஜனை (ஆன்டிபாடி போய் பிடிக்கற கிருமிப் பொருள்) ஒட்டி, காலி இடத்தை வேற புரதத்தால மூடி (பிளாக்), நீர்த்த சீரம் விட்டு, மீன் ஐஜிஎம்மை பிடிக்கற மோனோகுளோனலை (ஒரே வகை செல்லுல இருந்து தயாரிச்ச ஆன்டிபாடி) சேத்து, அதுக்கு மேல என்சைம் ஒட்டின ரெண்டாவது ஆன்டிபாடி, கடைசியா டிஎம்பி (என்சைம் பட்டா நிறம் மாறற பொருள்) விட்டா நீலம் வரும், ஆசிட் விட்டதும் மஞ்சளாகும், 450 நானோமீட்டர்ல படிக்கணும். சில மைக்ரோலிட்டர் சீரம் போதும்ங்கறதால குட்டி மீனுக்கு இதுதான் வசதி, சின்ன வித்தியாசமும் தெரியும். ஆனா டிரவுட்டுக்கு செஞ்ச மோனோகுளோனல் திலாப்பியாவுல வேலை செய்யும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, நம்ம இனத்துக்கு பொருந்துதான்னு வெஸ்டர்ன் பிளாட்ல (புரதத்தை அளவு வாரியா பிரிச்சு எதை ஆன்டிபாடி பிடிக்குதுன்னு பாக்கற சோதனை) ஒரு தடவை பாத்துட்டு இறங்கறது நல்லது. அடுத்து, ஒரே ஒரு நீர்ப்புல ஓடி பாத்துட்டு 'இவன் 1.8, அவன் 0.9, அதனால ரெண்டு மடங்கு'ன்னு சொல்லக்கூடாது, நிறம் ஆன்டிபாடிக்கு நேர் விகிதத்துல ஏறாது, பல நீர்ப்பு போட்டு டைட்டர் எடுங்க, இல்லைன்னா ஸ்டாண்டர்ட் கர்வ் போடுங்க. குளிர் தண்ணி மீன் எல்லாம் ஒரு பிளேட்ல, சூடு தண்ணி மீன் எல்லாம் இன்னொரு பிளேட்லன்னு வச்சிட்டா பிளேட்டுக்கு பிளேட் வர்ற மாறுதல்தான் சூழ்நிலை விளைவுன்னு வேஷம் போடும், எல்லா குரூப்பையும் எல்லா பிளேட்லயும் கலந்து வச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரே ரெஃபரன்ஸ் சீரத்தை ஓட்டுங்க.

ஐஜிஎம் ஜீனை க்யூபிசிஆர்ல (ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்கற சோதனை) பாக்கறதும் சிலர் செய்யறாங்க, அது உற்பத்தி ஆர்டரை காட்டும், ரத்தத்துல இருக்கற சரக்கை காட்டாது.

எந்த முறையா இருந்தாலும் நிறைய பேர் கோட்டை விடற இடம் ரத்தம் எடுக்கற நாள். மீனோட உடம்பு தண்ணியோட சூட்டுலதான் ஓடுது, 20 டிகிரியில சீக்கிரம் ஏறற ஆன்டிபாடி 10 டிகிரியில ரொம்ப லேட்டா வரும். ரெண்டுக்கும் ஒரே நாள்ல ஊசி குத்தி எடுத்துட்டு 'குளிர்ல ஆன்டிபாடி கம்மி'ன்னா அது கம்மியா இல்ல லேட்டான்னே தெரியாது. அதனாலதான் வளர்ப்புல டிகிரி நாள்னு (தண்ணியோட டிகிரியை நாளால பெருக்கி) கணக்கு போடறாங்க, 10 டிகிரியில 50 நாளும் 20 டிகிரியில 25 நாளும் ஒரே 500 டிகிரி நாள். ஆனா இதையும் கண்ணை மூடிக்கிட்டு நம்ப முடியாது, ஒரு அளவுக்கு கீழ குளிர்ந்தா டி செல் (எதிர்ப்பு சக்தி வேலையை தூண்டிவிடற வெள்ளை அணு) உதவி தேவைப்படற முதல் எதிர்ப்பு கிட்டத்தட்ட கிளம்பவே கிளம்பாது, கேட்ஃபிஷ்ல இதை நல்லா பாத்திருக்காங்க. காலண்டர் நாளும் டிகிரி நாளும் ரெண்டுலயும் பொருந்தற மாதிரி பல தடவை எடுங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் வேற மீன்ல, ஒரே மீனை திரும்ப திரும்ப குத்துனா அந்த ஸ்ட்ரெஸ்ல ஏறற கார்ட்டிசால் ஹார்மோனே லிம்ஃபோசைட்டை (ஆன்டிபாடி உருவாக்கற வேலையில இருக்கற வெள்ளை அணுக்கள்) அமுக்கிடும், அப்புறம் தண்ணி மேல பழி போட முடியாது. ஒரே தொட்டியில இருக்கற இருபது மீனை இருபது தனி சாட்சின்னு எண்ணாதீங்க, சூழ்நிலையை தொட்டிக்குத்தான் குடுக்கறோம், காசு கம்மின்னா எலைசா கிட்டை விட்டுட்டு கூட ரெண்டு தொட்டி வாங்கிட்டு அக்ளூட்டினேஷன் பண்றதுக்கே நான் ஓட்டு போடுவேன்.