மட்டம் பார்த்துத் தந்தவர்கள்: வடிகால் நிதி முன்மொழிவு தயாரிக்கும் ஓர் அலுவலகம் பற்றிய மதிப்புரை

யாழ்ப்பாண நகரெல்லையை ஒட்டிய எங்கள் ஒழுங்கையில் 34 வீடுகள் இருக்கின்றன. வீட்டுக்கு 2,500 ரூபாவாகச் சேர்த்த 85,000 ரூபாவை, அரச நிதி கோருவதற்கான வடிகால் திட்ட முன்மொழிவொன்றைத் தயாரித்துத் தரும்படி ஒரு தனியார் அலுவலகத்திடம் 2025 ஜனவரியில் கொடுத்தோம். நில அளவையாளர் ஒருவரும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரும் சேர்ந்து நடத்துகின்ற சிறிய அலுவலகம் அது. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அவர்களோடு ஓராண்டுக்கு மேலாகப் பழகியிருக்கிறேன். கடிதம் எழுதுவதற்கும் படம் கீறுவதற்கும் காசு கொடுக்கத்தான் வேண்டுமா என்று அயற்சங்கத்தவர்கள் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கொடுக்க வேண்டும் என்பதே என் பதில். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

நாங்கள் அதுவரை நிதி கேட்காமல் இருந்தவர்கள் அல்லர். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்துபோன காலத்திலிருந்து சங்கத்தின் கோப்பில் கடிதங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ‘எமது ஒழுங்கையில் வெள்ளம் நிற்கின்றது, வாய்க்கால் அமைத்துத் தரவும்’ என்ற அதே இரண்டு வரிகள்தான் இருக்கும். கிராம உத்தியோகத்தரின் சிபார்சோடு அவை பிரதேச செயலகத்துக்கும் உள்ளூராட்சி மன்றத்துக்கும் போயின. நாடாளுமன்ற உறுப்பினர்களின் பரிந்துரையில் சிறு வேலைகளுக்கு வழங்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் பார்ப்போம் என்று ஓரிடத்திலும், மாகாணத்துக்கெனக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடையில் கேளுங்கள் என்று இன்னோரிடத்திலும் பதில் கிடைத்தது. கேட்பதற்கு எங்களிடம் ஒரு தொகைகூட இல்லை என்பதை நாங்கள் உணரவில்லை. 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் ஒழுங்கையின் தாழ்ந்த பகுதியில் ஒன்பது நாட்கள் தண்ணீர் நின்றது. அடுத்த மாதமே மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. அதன் பின்னர்தான் 34 வீட்டாரும் மறுபேச்சின்றிக் காசு தந்தார்கள்.

அலுவலகத்தார் வந்த முதல் நாளில் வாய்க்காலைப் பற்றி எதுவும் பேசவில்லை. நிலத்தின் உயர வித்தியாசத்தை அளக்கும் மட்டக்கருவியை நிறுத்தி, ஒழுங்கையின் 420 மீற்றர் நீளத்தையும், இரு பக்கத்து வளவுகளின் வாசல்களையும், பிரதான வீதியின் கீழே செல்லும் பழைய மதகையும், அதற்கு அப்பால் குளம் வரையுள்ள வாய்க்காலையும் இரண்டு நாட்கள் அளந்தார்கள். யாழ்ப்பாணத்தில் நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆறு என்று சொல்வதற்கு மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் குடாநாட்டில் இருக்கிறது. மற்ற இடங்களில் தண்ணீர் சில சென்றிமீற்றர் வித்தியாசத்தை நம்பித்தான் குளத்தையோ கடலேரியையோ தேடிப் போகிறது. ஒழுங்கையின் மூத்த அம்மா ஒருவர் படலையில் நின்று, “தம்பி, முந்தி உந்தத் தண்ணி கிழக்காலதான் போனது” என்று சொன்னதையும் அவர்கள் குறித்துக்கொண்டு, கிழக்கே மூடிக் கிடந்த பழைய வாய்க்காலின் தடத்தைத் தேடி அளந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த அளவீட்டில் வெளிவந்த ஒரே ஓர் எண்தான் எங்கள் கோரிக்கையின் தலைவிதியை மாற்றியது. மதகின் அடித்தளம், ஒழுங்கையின் தாழ்ந்த இடத்தைவிட 11 சென்றிமீற்றர் உயரத்தில் இருந்தது. வீதியை அகலித்துக் காப்பெற் போட்ட காலத்தில் மதகையும் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் கேட்டபடி ஒழுங்கை முழுவதும் கொங்கிறீட் வாய்க்கால் கட்டித் தந்திருந்தாலும், மதகை மாற்றாதவரை தண்ணீர் அதே இடத்தில்தான் நின்றிருக்கும். பதினாறு ஆண்டுகளாக நாங்கள் பிழையான பொருளைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதை ஏற்றுக்கொள்வது கூட்டத்தில் எல்லோருக்கும் கடினமாகத்தான் இருந்தது.

அடுத்ததாக அவர்கள் செய்துகாட்டிய கணக்கு, இப்படியான வேலைக்குப் போகும் எந்தச் சங்கமும் விளங்கிக்கொள்ள வேண்டியது. எங்கள் ஒழுங்கைக்கு மழைநீர் வந்துசேரும் நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 4 ஹெக்ரேயர். மழையில் எவ்வளவு பங்கு நிலத்தில் ஊறாமல் ஓடிவரும் என்பதற்கான குணகத்தை 0.45 என்றும், மழையின் செறிவை மணிக்கு 80 மில்லிமீற்றர் என்றும் எடுத்து, மூன்றையும் பெருக்கி, அலகு மாற்றத்துக்காக 360 ஆல் வகுத்தால், விநாடிக்கு 0.4 கன மீற்றர், அதாவது 400 லீற்றர் வரும். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில், 60 சென்றிமீற்றர் அகலமான வாய்க்காலில் 50 சென்றிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ 200 லீற்றர்தான் போகும். 90 சென்றிமீற்றர் அகலமும் 60 சென்றிமீற்றர் நீர் ஆழமும் இருந்தால் 460 லீற்றர் வரை போகும். ஊரில் வழமையாகக் கட்டப்படும் சிறிய வாய்க்கால்கள் ஏன் ஒவ்வொரு மாரியிலும் நிரம்பி வழிகின்றன என்பது அந்த ஒரு பக்கத் தாளில் எனக்கு விளங்கியது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்கவில்லை.

நிதியாண்டைப் பற்றி அவர்கள் தந்த அறிவுரையும் கொடுத்த காசுக்குத் தகுந்தது. அரச ஒதுக்கீடு டிசம்பர் 31 ஆம் திகதியோடு முடிந்துவிடும். செலவழிக்காத காசு திரும்பிப் போய்விடும். குடாநாட்டில் பெருமழை பெய்வதோ ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை. ஆகவே ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் வாய்க்கால் வெட்டவும் முடியாது, வெட்டாமல் விட்டால் காசும் இல்லை. அளவுப்பட்டியலும் மதிப்பீடும் கையில் ஆயத்தமாக இருக்கும் சங்கத்துக்கே ஆண்டின் நடுவில் மீதப்படும் ஒதுக்கீடும் வந்து சேரும் என்று பொறியியலாளர் ஐயா சொன்னார். எங்களுக்கு நடந்ததும் அதுதான். 2025 யூலையில் எங்கள் முன்மொழிவின் முதற்கட்டம், அதாவது புதிய மதகும் அதையடுத்த 160 மீற்றர் வாய்க்காலும், அனுமதிக்கப்பட்டது. வேலை செப்ரெம்பரில் முடிந்தது. ஒழுங்கையின் மேற்பகுதி இன்னும் காத்திருக்கிறது.

கோரிக்கையை இரண்டு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் தனித்துப் பயன்தரும்படி வரைந்ததற்காக அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். கீழிருந்து மேலே கட்ட வேண்டும் என்பது கேட்கும்போது எளிதாகத் தோன்றும். ஆயினும் மேலே இருக்கும் செல்வாக்கான வீடுகளின் முன்னால் முதலில் கட்டி, கீழே இருப்பவர்களுக்கு இன்னும் அதிக வெள்ளத்தை அனுப்பிய வாய்க்கால்களை நான் கண்டிருக்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நோய்ப் பரம்பல் பற்றிய கடிதம் ஒன்றைப் பெற்று இணைக்கச் சொன்னதும் அவர்களே. பிரதேச மட்டக் கூட்டத்தில் அந்தக் கடிதத்தை வாசித்த பிறகுதான் எங்கள் விடயம் முன்னுரிமைப் பட்டியலில் ஏறியது.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. பெப்ரவரி இறுதியில் தருவதாகச் சொன்ன ஆவணம் மே மாத நடுப்பகுதியில்தான் கைக்கு வந்தது. மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. 2023 மார்ச்சுக்குப் பின்னர் உறுப்பினர்கள் இல்லாமல் இயங்கிய மன்றங்களுக்கு மீண்டும் உறுப்பினர்கள் வந்துகொண்டிருந்த அந்த வேளையில், ஆவணம் முன்னரே கையில் இருந்திருந்தால் எங்கள் வட்டாரத்தில் போட்டியிட்ட எல்லோரிடமும் கொடுத்திருக்கலாம். பராமரிப்புப் பற்றிய பகுதியில் வேறொரு கிராமத்தின் பெயர் அப்படியே கிடந்தது. அதை நானே வாசித்துத் திருத்த வேண்டியிருந்தது. யார், எப்போது, எந்தக் காசில் வாய்க்காலைத் துப்புரவாக்குவார்கள் என்பதே நிதி தருபவர்கள் கடைசியாகக் கேட்கும் கேள்வி. அந்தப் பகுதியைப் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

மதகு யாருக்குரியது என்பதையும் அவர்கள் தொடக்கத்தில் கவனிக்கவில்லை. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், ஏனைய ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றத்துக்கும் உரியவை. எங்கள் வாய்க்கால் ஓர் அதிகாரத்தின் நிலத்தில் தொடங்கி இன்னொன்றின் வீதிக்குக் கீழே போய், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள குளத்தில் முடிகிறது. மூன்று இடங்களிலும் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் இல்லாமல் ஒரு சதமும் விடுவிக்கப்படாது. அந்தக் கடிதங்களுக்காக ஐந்து வாரங்கள் நானும் எங்கள் தலைவரும்தான் அலைந்தோம்.

கழிவுநீர்ப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் நிலத்தில் மழைநீரையும் கழிவுநீரையும் தனித்தனியாகப் பேச முடியாது. யாழ்ப்பாணத்தில் குழாய்வழிக் கழிவுநீர் வலையமைப்பு இல்லை. ஒவ்வொரு வளவிலும் ஒரு மலக்குழி, அதே வளவில் ஒரு கிணறு. இரண்டு பரப்புக் காணி என்றால் ஏறத்தாழ 500 சதுர மீற்றர்தான். வீடும் கட்டி, கிணற்றுக்கும் குழிக்கும் இடையே போதிய தூரமும் விட்டு, பக்கத்து வளவுக் கிணற்றையும் பார்க்க வேண்டுமென்றால் இடம் போதாது. கீழே இருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணக்கல். மண்ணில் மெல்ல வடிந்து சுத்தமாக வேண்டிய அழுக்கு, கல்லின் வெடிப்பில் விரைந்து கிணற்றைச் சேர்கிறது. இப்படிக் கழிவிலிருந்து கலந்து கைக்குழந்தைகளுக்கு ஊறு செய்யக்கூடிய நைத்திரேற்று, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எங்கள் ஒழுங்கையின் சில கிணறுகளில் அந்த எல்லை கடந்திருந்ததை அலுவலகத்தார் ஆய்வுகூடச் சோதனை மூலம் காட்டினார்கள். கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டாரிடம் அந்தத் தாளைக் கொடுத்த நாளை நான் மறக்கமாட்டேன்.

இங்குதான் வடிவமைப்பில் உண்மையான சிக்கல் எழுகிறது. குடாநாட்டின் நிலத்தடி நீருக்கு மழையைத் தவிர வேறு ஊற்றில்லை என்பதால், மழைநீர் முழுவதையும் கொங்கிறீட் வாய்க்காலில் கடலேரிக்கு அனுப்புவது பெரும் இழப்பு. இடையிடையே அடியைத் திறந்து விட்டு நீரை நிலத்தில் ஊறவிட வேண்டும். ஆனால் மாரியில் மலக்குழிகள் நிரம்பி அந்த நீரும் வாய்க்காலில் கலந்தால், திறந்த அடி வழியாக அதுவே கிணறுகளுக்குள் இறங்கும். ஆகவே குழிகள் உள்ள பகுதியில் மூடிய அடி, வீடுகளைத் தாண்டிக் குளத்துக்குச் செல்லும் பகுதியில் திறந்த அடி என்று அவர்கள் வரைந்த தீர்வு எனக்குச் சரியாகவே படுகிறது.

அதே முன்மொழிவில் வீடுகளின் குழிகளைக் கசிவில்லாத இரட்டை அறைத் தொட்டிகளாக மாற்றும் செலவையும் சேர்த்ததுதான் பிழை. வடிகாலுக்கான பொது நிதியைத் தனியார் வளவுக்குள் செலவழிக்க முடியாது என்று ஆவணம் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டது. இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். குழிகளைத் திருத்தும் உதவிக்கு வறுமை நிலையையும் வீட்டு உரித்தையும் காட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்ட பின்னர் குழாய் நீர் வீடுகளை எட்டி வருகிறது. அது பெரும் நிம்மதி. ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீர் கூடக்கூட அந்தப் பழைய குழிகளுக்குள் போகும் தண்ணீரும் கூடும் என்பதால், இந்த இரண்டாவது விண்ணப்பத்தைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

2025 நவம்பர் மழையில் புதிய மதகின் அருகே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னர் ஒன்பது நாட்கள் நின்ற இடத்தில், மழை விட்ட மறுநாள் மாலைக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. ஒழுங்கையின் மேற்பகுதியில் ஆறு வீட்டு வாசல்களில் இன்னும் தண்ணீர் நின்றது.

இந்த அலுவலகத்தை ஏனைய சங்கங்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன். மட்ட அளவீட்டுக்கும் நீர்க் கணக்குக்கும் கட்டம் பிரித்த மதிப்பீட்டுக்கும் அவர்களை முழுமையாக நம்பலாம். அரச நிறுவனங்களின் கடிதங்களை நீங்களே பெறத் தயாராக இருங்கள். பராமரிப்புப் பகுதியை உங்கள் கூட்டத்தில் நீங்களே எழுதுங்கள். மூல மட்டப்படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிச் சங்கக் கோப்பில் வையுங்கள். மேற்பகுதி வாய்க்காலின் திருத்திய மதிப்பீட்டுக்கும் குழிகளின் விண்ணப்பத்துக்கும் அவர்களையே மீண்டும் அமர்த்தப் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறோம். இம்முறை ஒப்படைக்கும் திகதி எழுத்தில் இருக்கும். கட்டணத்தின் அரைவாசி ஆவணம் கைக்கு வந்த பிறகே கொடுக்கப்படும்.